ஐந்து பாகை

பால்ஸ்தாலில் மருந்துக்கடை வைத்திருக்கும்
திருமதி அஃபோல்டர்
திங்கள் காலை ஏழரைக்கு அழைத்தார்.
குரலில் கோபமில்லை. அதுதான் பயம்.
"பெட்டிக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது.
தடுப்பூசிக் குப்பிகள் என் கைச்சூட்டில் இருக்கின்றன.
உங்கள் திரை மட்டும்
ஐந்து பாகை என்கிறது."

ஓல்ட்டனில் பனிமூட்டம்.
நவம்பரில் இங்கே வேறென்ன இருக்கும்.
ஆற்றங்கரையில் அலுவலகம், ஆறு தெரியவில்லை.
ரயில் நிலையத்தின் குரல்
சூரிச், பேர்ன், பாசல் என்று
காணாத வண்டிகளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தது.

வரைபடத்தைத் திறந்தேன்.
பத்தொன்பது நாள்,
அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு.
எப்படிப் பார்க்காமல் விட்டோம்?
ஆள் புழங்கும் பெட்டிக்கு நேர்கோடு வராது.
யாரோ கண்சொட்டு மருந்து தேடுவார்,
கதவைச் சரியாகச் சாத்தாமல் தொலைபேசிக்கு ஓடுவார்,
கோடு ஏறி, முணுமுணுத்து, இறங்கும்.
நடுக்கமே இல்லாத ஒன்றைத்தான்
'சீராக உள்ளது' என்று பச்சையில் எழுதியிருந்தோம்.

நிரலுக்குள் இறங்கினேன்.
உணர்கருவி செத்த அந்த நொடியிலேயே
கீழிருந்தவன் ஒழுங்காகத்தான் எறிந்திருக்கிறான்.
என்ன பிழை, எந்த வரி,
யார் யாரைக் கூப்பிட்டு இங்கே வந்து விழுந்தது,
எல்லாம் பொட்டலம் கட்டி.
மூன்று படி மேலே ஒருவன் பிடித்தான்.
பிடித்தவன் பிரித்துப் பார்க்கவில்லை.
பதிவேட்டில் ஒரு வரி இல்லை.
வாயில் போட்டு விழுங்கிவிட்டு
ஐந்து
என்று திருப்பி அனுப்பினான்,
ஒவ்வொரு நிமிடமும், பத்தொன்பது நாள்.

பக்கத்தில் ஒரு குறிப்பு:
தற்காலிகம். வரைபடம் உடையாதிருக்க.

எந்தக் கழுதை எழுதியது என்று
வரலாற்றைக் கேட்டேன்.
மூன்று வருடம் முந்திய பெப்ரவரி,
வெள்ளி, மாலை ஆறு ஐம்பத்திரண்டு.
அருள்யாழினி.
இங்கே எவர் வாயிலும் வராத என் 'ழ'வோடு
முழுதாக.

திங்களன்று வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டியிருந்தது.
ஆறு ஐம்பத்தொன்பது வண்டியை ஓடிப் பிடித்ததும் நினைவிருக்கிறது.
அன்று மாலை நான் ஒழுங்காகப் பிடித்தது
அது ஒன்றைத்தான்.

திருத்தம் சின்னது.
ஐந்தை அழித்தேன்.
பிடித்ததைப் பதிந்துவிட்டு மறுபடி எறி என்றேன்,
தாங்கக்கூடிய ஒருவன் மேலே நின்று பிடித்து
மணி அடிக்கட்டும்.

பதினொன்று நாற்பதுக்கு ஏற்றினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளில்
நாற்பத்தொன்று சிவந்தன.
ரெட்டோ ஹுன்சிக்கர் நாற்காலியை விட்டு எழுந்தான்.
"எதை உடைத்தாய்?"
"உடைந்தது எப்போதோ.
இப்போதுதான் சத்தம் கேட்கிறது."

பட்டியலைப் பாதியாய்க் கிழித்து
ஆளுக்கொரு துண்டு.
லாங்கன்தால்: மின்கலம் தீர்ந்திருந்தது.
ஆராவ்: கம்பியை யாரோ துடைப்பத்தால் பிடுங்கியிருந்தார்கள்.
ஸோஃபிங்கன்: கடை மூடி ஒரு வருடம்,
வெறும் பெட்டிக்குக்கூட ஐந்து சொல்லியிருக்கிறோம்.
ஆறு இடங்களில் நிஜமாகவே சூடு.

மதியம் திருமதி அஃபோல்டர் மறுபடியும்.
அந்தப் பத்தொன்பது நாளில்
பதினொரு பேருக்கு ஊசி போட்டாராம்.
ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி.
"ஒவ்வொருவராய்க் கூப்பிடுகிறேன்," என்றார்.
"ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல?"
என் பெயரைச் சொல்லுங்கள் என்றேன்.
எழுத்துக்கூட்டிக் கொடுத்தேன்.

நாலு மணிக்கு ரெட்டோ
இரண்டு கோப்பைகளோடு வந்தான்.
எல்லாம் நல்லம்தானே, என்றான்,
தினமும் கேட்கிற அதே மாதிரி.
'ஓம்' நாக்கு நுனியில் தயாராக இருந்தது.
பன்னிரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறது,
கேள்வி முடியுமுன் திரும்பிப் போய்விடும்.

"இல்லை" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை.
அந்தப் பதிலுக்கென்று அவனிடம்
யாரும் எதுவும் எழுதிவைத்திருக்கவில்லை.
காப்பி ஆவி பறக்க
சும்மா நின்றான் கொஞ்சநேரம்.

பிறகு நாற்காலியை இழுத்தான்.